விசிறிகள் ஓடும் நேரம்

2005ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் பன்னிரண்டாந் திகதி, சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு முப்பதுக்கு, நோர்வூட்டுக்கு அருகிலுள்ள எங்கள் தோட்டப் பாடசாலை மண்டபத்தில் சோதனை தொடங்கியது.

சோதிக்கப்பட்டது ஒரு கணினி. தொலைக்காட்சியின் மேல் வைத்து, அதன் திரையையே தன் திரையாகக் கொள்ளும் பழைய வகை. வெளிநாட்டு அன்பர்கள் அத்தகைய ஒன்பது பெட்டிகளை அனுப்பியிருந்தார்கள்.

அதைத் திருத்தியவர் பூரணி. ஹட்டனில் வானொலி, தொலைக்காட்சி திருத்தும் கடையொன்றில் வேலை செய்பவர். இதே தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தெடுத்தவரின் மகள்.

சோதித்தவர்கள் மூவர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியையான நான் தலைவர். தோட்ட அலுவலகத்து எழுதுவினைஞர் கந்தப்பனும், பெற்றோர் சார்பில் கணேசமூர்த்தியும் உறுப்பினர்கள்.

கணினி ஒரு மணி நேரம் நிற்காமல் இயங்கினால், ஒன்பது பெட்டிகளும் பூரணியின் பொறுப்பு, சம்பளத்துடன் நியமனம். நின்றுவிட்டால், பெட்டிகள் பழைய இரும்புக்குப் போகும். விண்ணப்பம் கோப்புக்குள் போகும்.

அந்தப் பெட்டிகளுக்கு ஒரு குணம் இருந்தது. முடுக்கியதும், தம்மைச் செய்த நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைக்கும். நிறுவனமோ அந்தச் சேவையை எப்போதோ மூடிவிட்டது. எங்கள் பாடசாலையில் தொலைபேசியும் இல்லை. பெட்டி அழைத்துக்கொண்டே இருக்கும்.

பூரணி அதன் நினைவகச் சில்லைக் கழற்றினார். உள்ளிருந்த கட்டளைகளை அழித்துப் புதியவற்றை எழுதினார். யாரையும் அழைக்காதே, உன்னிடம் உள்ள பாடங்களைத் திற.

ஜனவரியில் நடந்த முதற் சோதனையில் பெட்டி அவ்வாறே திறந்தது. பிற்பகல் ஒன்று பத்துக்குத் திடீரென்று இருண்டது.

அதற்கு முன்பு கொழும்பிலிருந்து வந்த இரண்டு தொழில்நுட்பவியலாளர்களும் அதே நேரத்தில் அதே இருளைக் கண்டார்கள். 'திருத்த இயலாதவை' என்று எழுதிக் கையொப்பமிட்டு, சாப்பிடப் போனார்கள்.

ஜனவரிச் சோதனையில் பெட்டி இருண்டபோது, பூரணி பெட்டியைப் பார்க்கவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"மத்தியானக் கொழுந்து நிறுத்தாச்சுங்களா?"

கந்தப்பன் வாய்விட்டுச் சிரித்தார். "ஏம்மா, கம்ப்யூட்டர்லயா கொழுந்து நிறுக்கப் போற? தராச எடுத்துக்கிட்டு வரச் சொல்லவா?"

பூரணி ஒரு மாதத் தவணை கேட்டார். கொடுத்தோம்.

இன்று, மேசையின் விளிம்புக்கு நேராகப் பெட்டியை வைத்திருந்தார். கம்பிகள் ஒரே அளவாக மடித்துக் கட்டப்பட்டிருந்தன. பெட்டிக்கு அருகே ஒரு பிஸ்கட் தகரம் இருந்தது. தொலைக்காட்சி என்னுடையது. அதன் பின்மூடியில் ஒரு திருகாணி குறைவு. அதைத் தொலைத்தவர் யார் என்பதை நான் அறிவேன்.

பூரணியை அமரச் சொல்லவில்லை. தேநீர் கொண்டுவந்த பெண்ணையும் வாசலிலேயே நிறுத்தினேன்.

"பாவம்ங்க டீச்சர், அந்தப் புள்ளைய ஒக்காரச் சொல்லுங்க. ஒங்களுக்கே இது அதிகமாத் தெரியலையா?" என்றார் கணேசமூர்த்தி.

"சோதனை முடியும்வரை எவருக்கும் சலுகை கிடையாது" என்றேன்.

ஒன்று ஐந்துக்குக் கொழுந்து லொறி, தோட்டத்தில் 'ஸ்டோர்' என்று சொல்லப்படும் தேயிலை ஆலைக்கு ஏறிச் சென்றது.

திரையில் நான்காம் வகுப்புப் பாடம். மலையின் மேல் ஒரு முகில். அதிலிருந்து துளிகள் விழுந்துகொண்டிருந்தன.

ஒன்று பன்னிரண்டுக்கு மண்டபத்து மின்குமிழ் சிவந்து மங்கியது. தொலைக்காட்சிப் படம் நான்கு பக்கமும் சுருங்கி, தபாலட்டை அளவாயிற்று.



அந்தத் தபாலட்டைக்குள் மழை விடவில்லை. துளி விழுந்தது. அடுத்த துளியும் விழுந்தது. பிறகு குமிழ் வெளுத்தது, படம் விரிந்தது, மலை முழுவதும் மீண்டும் தெரிந்தது.

பூரணி பிஸ்கட் தகரத்தைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு மோட்டார் சைக்கிள் பேட்டரி.

"கொழுந்து போனதும் ஸ்டோர்ல எல கொழுந்த வாட்டுற ஃபேன் எல்லாத்தையும் ஒன்னாப் போடுவாங்க. அப்ப நம்ம லைன்ல கரண்டு படுத்துரும்ங்க. எங்க லயத்து வீட்டு ரேடியோவும் தெனம் அந்த நேரத்துலதான் செத்துப் போகும். பெட்டியில கோளாறே இல்லைங்க, டீச்சர். அந்த நிமிசத்த மட்டும் இது தாங்கிக்கும்."

"தராசு நாந்தான் கொண்டாரணும் போல" என்று கந்தப்பன் எழுந்து கைதட்டினார். இன்னும் பதினெட்டு நிமிடங்கள் இருக்கின்றன என்று சொல்லி அவரை அமர்த்தினேன்.

குறிப்பேட்டில் '1.12' என்று எழுதினேன். எழுத்து கோணியிருந்தது. அடித்துவிட்டு மீண்டும் எழுதினேன்.

பதினெட்டு நிமிடங்களும் கழிந்தன. மழை நிற்கவில்லை.

தீர்மானம் பின்வருமாறு பதியப்பட்டது: ஒன்பது பெட்டிகளும் விற்கப்படமாட்டா. மார்ச் முதலாந் திகதியிலிருந்து அவை பூரணியின் பொறுப்பில் இருக்கும். அவருக்கு மாதச் சம்பளம் வழங்கப்படும். ஆதரவு இரண்டு. எதிர்ப்பு இல்லை. தலைவர் வாக்களிக்கவில்லை, விண்ணப்பதாரர் தலைவரின் மருமகள்.

திருமணமாகி வந்த நான்காம் நாளே அவள் தொலைத்த திருகாணி குறித்துத் தீர்மானம் எதுவும் எடுக்கப்படவில்லை.