ஒன்பது ஜோடி சாக்ஸ்

"ஆறு மணி நேரம். ஒரு நிமிஷம் குறைஞ்சாலும் சல்லிக்காசு தரமாட்டான்" என்றார் சகலை, கிரெடிட் கார்டின் விதிமுறைகளைப் போனில் படித்துவிட்டு. "பிளைட் இறங்கினதிலேர்ந்து அதைத் தாண்டி பெட்டி லேட்டாச்சுன்னா, வாங்கற துணிமணி எல்லாத்துக்கும் இன்சூரன்ஸ் பணம் வந்துடும். ரசீது மட்டும் பத்திரம்."

ரசீதைப் பத்திரமா வெச்சுக்கோ என்று பெட்டிக்காகக் காத்திருந்தவரிடம் சொல்லவே வேண்டாம். குடும்பத்தில் அவருக்குப் பெயரே 'ரசீது'தான். பல் குச்சி வாங்கினால்கூட பில் கேட்கிற மனுஷன்.

காலை பத்து மணிக்கு விமானம் இறங்கியது. மனைவியின் பை கையோடு வந்துவிட்டது. ரசீதின் பெட்டி மட்டும் வேறெங்கோ சுற்றிக்கொண்டிருந்தது. மாலை ஆறு மணிக்குச் சகலையின் ரிட்டயர்மென்ட் விருந்து. கசங்கிய சட்டையோடு போக முடியுமா?

சகலை அவரைப் பெரிய கடைக்கே கூட்டிப்போனார். கோட்டு, பேன்ட், சட்டை, ஷூ. கார்டு கம்பெனி காசுதானே என்று இரண்டு பேருக்கும் கை தாராளமாக நீண்டது. ஷூவைப் போட்டுக்கொண்டே சகலையின் வீட்டுக்கு வந்தார் ரசீது. இனி அந்தக் கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டான்.

"ஷூ கடிக்குது" என்றார் மனைவியிடம்.

"நாலு மணி வரைக்கும் கடிக்கும். அப்புறம் பணம் வரும்னு ஆயிட்டா சரியாயிடும்" என்றாள் அவள்.

மூன்று இருபதுக்கு வாசல் மணி அடித்தது.

பெட்டியோடு டெலிவரி டிரைவர் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"திறந்து பார்த்து, எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிக் கையெழுத்து போடுங்க சார். நீங்க பார்த்து முடிக்கிற வரைக்கும் நான் இங்கயே இருக்கணும். அது எங்க ரூல்."

"இப்படி உக்காருங்க."

"வேணாம் சார். விடிகாலை மூணு மணிக்கு வண்டியை எடுத்தேன். உக்காந்தா அசந்துடுவேன். இதை முடிச்சிட்டு மறுபடி ஏர்போர்ட்டு போகணும், அடுத்த லோடு இருக்கு."

சகலை கடிகாரத்தைப் பார்த்தார். நாலுக்கு இன்னும் நாற்பது நிமிஷம். முகம் தொங்கிப்போயிற்று.

ஆனால் ரசீது அசரவில்லை. "நான் ஒண்ணொண்ணா எண்ணிப் பார்க்கிற ஆளு. நேரமாகும். உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பெட்டியைத் திறந்தார். மேலாக இருந்த சட்டையை எடுத்தார், உதறினார், பொத்தான்களை எண்ணினார், மடித்து வைத்தார். அடுத்த சட்டை. அதற்கும் அதே மரியாதை.

சகலை, ரசீதின் மனைவியின் காதோரம் குனிந்தார். "உன் வீட்டுக்காரன் பலே கில்லாடிம்மா. நாலு தாண்டற வரைக்கும் இழுத்துடுவான் பாரு."

அவளுக்கு உடம்பு கூசியது. அக்கா வீட்டில் வைத்து இப்படியா மானத்தை வாங்குவது?

அதற்குள் டிரைவர் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். தொப்பி மடியில் கிடந்தது. ரசீது சாக்ஸுக்கு வந்திருந்தார்.

"என்னங்க, போதும். அந்த மனுஷனை அனுப்புங்க."

"மெதுவா பேசு. கணக்கு தப்புது."

அக்கா டிவி போட்டாள். அதையும் அணைக்கச் சொன்னார். கணக்கு தப்புகிறதாம்.

மனைவி டீ போட்டு வந்து டிரைவரை எழுப்பப் போனாள். ரசீது குறுக்கே கை நீட்டினார். "இரு, இன்னும் முடியலை."

"ஒன்பது ஜோடி சாக்ஸ். மூணு தடவை எண்ணியாச்சு. அதுல என்னதான் காணாமப் போயிருக்கும்?"

"அதைத்தான் பார்க்கறேன்" என்றார், முகத்தைத் தூக்காமல்.

மணி நாலு ஆயிற்று. சகலை கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ரசீது அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. ஷேவிங் பெட்டியைத் திறந்து பிளேடுகளை எண்ண ஆரம்பித்தார்.

நாலே முக்காலுக்கு டிரைவர் தானாகவே திடுக்கிட்டு விழித்தார். "ஐயோ, முடிஞ்சுதா சார்?"

"இப்பதான் முடிஞ்சுது. டீயைக் குடிச்சிட்டுப் போங்க."

டிரைவர் டீயைக் குடிக்கிற நேரத்தில் ரசீது படிவத்தில் நிதானமாக எழுதிக் கையெழுத்திட்டார். ஒரு நகலைக் கொடுத்துவிட்டு டிரைவர் கிளம்பினார். வந்தபோது இருந்ததைவிட அவர் கண் தெளிந்திருந்தது.

கதவைச் சாத்தியதுமே மனைவி பிடித்துக்கொண்டாள். "நாற்பது நிமிஷத்தை இழுக்கறதுக்காக, நாள் பூரா வண்டி ஓட்டின மனுஷனை இப்படிக் காக்க வெச்சீங்களே? இவ்வளவு நேரம் எங்க போனேன்னு ஆபீஸ்ல அவரைக் கேட்க மாட்டாங்களா? இப்படிப் பொய்க் கணக்கு காட்டி வாங்கற ஷூ கடிக்காம என்ன செய்யும்?"

ரசீது குனிந்து ஷூவைக் கழற்றி, குதிகாலில் வந்திருந்த கொப்புளத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நான் சொல்றேன்ல, அது அவன் சாமர்த்தியம்" என்று சிரித்தபடி சகலை மேஜையிலிருந்த நகலை எடுத்தார். "இந்தத் தாள் ஒண்ணு போதும், பணம் தானா வரும்."

படித்தவரின் சிரிப்பு பாதியில் நின்றது. தாளை அவளிடம் நீட்டினார்.

ரசீதின் முத்து முத்தான கையெழுத்து:

'பெட்டி வந்து சேர்ந்த நேரம்: 3.20. சரிபார்த்து முடித்த நேரம்: 4.45. தாமதத்துக்கு டிரைவர் காரணமல்ல, அவர் வேலையில்தான் இருந்தார். ஒன்பது ஜோடி சாக்ஸையும் நான்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.'