டாலி தேடுகிறது

நாய் சரிந்து விழுந்த சத்தம் கேட்டு, நறுக்கிக்கொண்டிருந்த கத்திரிக்காயைப் போட்டுவிட்டு அவள் ஓடினாள்.

கூடத்தில் டாலி ஒருக்களித்துக் கிடந்தது. நான்கு கால்களும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை. கண்கள் திறந்திருந்தன. பார்வை இல்லை.

கணவன் வீட்டில் இல்லாதபோது வலிப்பு வருவது இதுதான் முதல் தடவை.

நாற்காலியை அப்பால் தள்ளினாள். டிவியை அணைத்தாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். துண்டை மடித்துத் தலைக்கடியில் வைத்தாள். வாய்ப்பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை.

கல்யாணமாகி வந்த இந்த ஒரு வருடத்தில், அவன் செய்வதைப் பார்த்துப் பார்த்தே எல்லாம் மனதில் படிந்திருந்தது.

அவன் பேசுவதும்.

"ஒண்ணுமில்ல சாமி. நான் இருக்கறேன்ல," என்பான் டாலியிடம்.

அந்தக் குரலில் அவளிடம் அவன் பேசியதே இல்லை. ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் கொதித்தபோது, கதவோரம் நின்று "மாத்திரை போட்டியா?" என்றான். போட்டேன் என்றாள். சரியென்று போய்விட்டான்.

கெட்டவன் இல்லை.

டாலிக்கு மட்டும் மாத்திரையை அவனே வெண்ணெயில் பொதிந்து ஊட்டுவான். விழுங்கும்வரை தொண்டையைத் தடவிக்கொடுப்பான்.

ஒரு நாயின் மேல் பொறாமை என்று யாரிடம் சொல்வது? ஒருமுறை அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தாள். பிறகு வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு போனை வைத்தாள்.

டாலி, சுகந்தி வளர்த்த நாய். சுகந்தி அவனுடைய முதல் மனைவி. இறந்து நான்கு வருடம்.

வலிப்பு அடங்கியதும் டாலி தள்ளாடி எழுந்து வீடு முழுக்க அலையும். மூலை மூலையாக முகரும். மூளை தெளியும்வரை அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் கேட்கமாட்டான்.

"சுகந்தியத் தேடறா," என்பான்.

பின்னாலேயே நடப்பான். மூடிய கதவுகளைத் திறந்துவிடுவான்.

இரண்டு பேரும் சேர்ந்து தேடுவது போலிருக்கும். அவள் சுவரோரம் ஒதுங்கி வழிவிடுவாள்.

இப்போது கால்கள் ஓய்ந்தன. தரை நனைந்திருந்தது. துடைத்தாள்.

சாமி என்று சொல்ல நாக்கு வரவில்லை.

"நான்தான்," என்றாள். "நான்தான் இருக்கறேன்."

டாலி எழுந்தது. அவளை யாரென்று தெரியாமல் உறுமியது. பிறகு நடந்தது.

அவளும் பின்னால் போனாள். சமையலறை. கொல்லைக் கதவு. படுக்கையறை.

பீரோவின் முன் நின்று முகர்ந்தது. அவள் அதையும் திறந்துவிட்டாள். மேல்தட்டில் சுகந்தியின் புடவைகள், மடிப்புக் கலையாமல்.

"நல்லாப் பாத்துக்க," என்றாள். "இல்ல."

டாலி வெகுநேரம் அங்கேயே நின்றது. பிறகு தரையை மோந்துகொண்டே திரும்பி வந்தது. அவள் பாதத்தை முகர்ந்தது. நக்கியது. அதன்மேலேயே தலையைப் போட்டுப் படுத்துக்கொண்டது.

அவள் அசையவில்லை.

கட்டிலில் கிடந்த போன் அடித்தது. எட்டி எடுத்தாள். அவன்தான், மில்லிலிருந்து. வலிப்பு வந்தால் உடனே சொல், எந்த வேலையானாலும் போட்டுவிட்டு ஓடிவருகிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறான்.

"டாலி என்ன பண்றா?"

பாதத்தின்மேல் கனமான, சூடான தலை. மூச்சு சீராகியிருந்தது.

"தூங்கறா," என்றாள்.

பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க மெதுவாவே வாங்க."