மூன்றாம் பெட்டியின் சாப்பாடு

“இந்தக் கிழமை என்ன சாப்பாடு குடுத்தனீர், தம்பி?”

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பேணாட், வேலை உடுப்போடு வாசலில் நின்று கேட்டார். ஒவ்வொரு சனிக்கிழமை காலையிலும் வெறும் ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றோடு வருவார். வந்ததும் முதல் கேள்வி இதுதான்.

“கரட், பூசணி, ஓட்ஸ் அண்ணை. வழமைதான்,” என்றான் ரிஷிகேசன். அவர் முகத்தைப் பார்க்காமல் ஐஸ்கிரீம் பெட்டியை வாங்கிக்கொண்டான்.

லிங்கநகரில், வீட்டுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டிலில், ஆறு பெட்டிகளில் அவன் கரப்பான் பூச்சி வளர்க்கிறான். வாங்குகிறவர்கள் தொட்டியில் அரோவனா மீன் வைத்திருப்பவர்கள். கரப்பான் தின்றால்தான் அந்த மீனுக்கு நிறம் ஏறும் என்பார்கள்.

கரப்பானின் வயிற்றில் இருப்பதுதான் மீனின் வயிற்றுக்கும் போகும். அதனால் சாப்பாட்டு விஷயத்தில் ரிஷிகேசன் மிகக் கண்டிப்பு. இலைவகை என்றால் ஒரு நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, உலர்த்தித்தான் போடுவான்.

வியாழக்கிழமை குழாயில் தண்ணீர் வரவில்லை. சந்தையில் கழித்துவிட்ட முட்டைக்கோவா இலைகளைத் துணியால் துடைத்து மூன்றாம் பெட்டிக்குள் போட்டான். ஒருநாள்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

வெள்ளி பின்னேரம் பேணாட்டுக்கான இருபதையும் அதே பெட்டியிலிருந்துதான் பிடித்தான். பேணாட் உயிரோடு வாங்குவதில்லை. மனிசி பயப்படுவா, ஐஸில் வைத்துச் சாகடித்துத் தாரும் என்று முதன்முதல் வந்த அன்றே சொல்லியிருந்தார்.

இன்று காலை பார்த்தால் மூன்றாம் பெட்டி முழுவதும் மல்லாந்து கிடந்தது. சிலவற்றின் கால்கள் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. இலையில் பூச்சிமருந்து இருந்திருக்கிறது.

பார்த்துக்கொண்டு நிற்கும்போதே பேணாட்டின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. வேறு பெட்டியில் பிடித்து விறைக்க வைக்க நேரமில்லை. இல்லையென்று சொன்னால் ஏன் என்று கேட்பார், உண்மையைச் சொன்னால் பேர் கெடும். விறைத்துக் கிடந்த இருபதும் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. எண்ணிப் போட்டுக் கொடுத்தான்.

“உம்மை நம்பித்தான் வாங்கிறன்,” என்றார் பேணாட். வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகவேண்டும் என்று அவசரப்பட்டார்.

“மீன் இப்ப எவ்வளவு நீளம் அண்ணை?”

“வளருது, வளருது,” என்றபடி மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

ரிஷிகேசனால் இருக்க முடியவில்லை. மீன்தானே என்று ஒருதரம் நினைத்தான், அதுவும் ஒரு உயிர்தானே என்று மறுதரம் நினைத்தான். கடைசியில் கிண்ணியாவில் பத்து வருடமாக அரோவனா வளர்க்கும் ஆதம்பாவாவுக்கு ஃபோன் எடுத்து, பேணாட்டின் பெயரை மட்டும் மறைத்து, நடந்ததைச் சொன்னான்.

“மருந்து ஏறின பூச்சியத் திண்டா மீன் பின்னேரத்துக்குள்ள மேல மிதந்திரும், தம்பி,” என்றார் ஆதம்பாவா. “அது கிடக்கட்டும், அவர்ர மீன் செத்த கரப்பானையும் திங்குமா? என்ட வீட்டுத் துரை, துடிக்காத ஒண்டத் திரும்பியும் பாக்க மாட்டார்.”

அந்தப் பேச்சில் ரிஷிகேசனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் மீன் தின்னாவிட்டால் பேணாட் ஏன் கிழமை தவறாமல் வருகிறார்? வந்த மூச்சு அப்படியே நின்றது.

பேணாட்டின் ஃபோன் அடித்து அடித்து ஓய்ந்தது. கிரேனில் ஏறியிருப்பார். ரிஷிகேசன் சைக்கிளை எடுத்துக்கொண்டு, பேணாட்டின் வீடு இருக்கும் ஓர்ஸ் ஹில் பக்கம் போனான். இரண்டு இடத்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் பத்து மணி தாண்டிவிட்டது.

வழி முழுவதும் சொல்லவேண்டியதை ஒழுங்குபடுத்திப் பார்த்தான். முதலில் மன்னிப்பு, பிறகு கோவா இலை, பிறகு பொய். ஒழுங்கு சரியா என்று தெரியவில்லை. இனிமேல் அவர் தன் வாசலை மிதிக்கமாட்டார் என்பது மட்டும் தெரிந்தது. மிதிக்காவிட்டாலும் பரவாயில்லை, மீன் பிழைத்தால் போதும் என்று சைக்கிளை மிதித்தான்.

கதவைத் திறந்தது பேணாட்டின் மனைவி சீலா. தூங்காத கண்கள். யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது. தம்பியின் பெயரைச் சொல்லித்தான் இவர் தினமும் புகழுவார் என்று தணிந்த குரலில் சொன்னாள்.

அவன் ஒழுங்குபடுத்தி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் குழம்பின.

“அக்கா, காலமை அண்ணை கொண்டந்ததைப் போட்டிடாதேங்கோ. நான் பொய் சொன்னனான். நான் குடுத்த இலையில மருந்து இருந்தது, அதைத் திண்டதெல்லாம் செத்துப்போச்சு. உங்கட மீனும் தப்பாது.”

“என்ன மீன்?” என்றாள் சீலா.

“அரோவனா, அக்கா. அண்ணை கரப்பொத்தான் வாங்கிறது அதுக்குத்தானே.”

உள்ளே திரை போட்டிருந்த அறைப்பக்கம் மெல்லத் திரும்பினாள்.

“அது மகளின்ர மூச்சிழுப்புக்கு மருந்து, தம்பி. வறுத்து இடிச்சு, இப்பதான் தேனில குழைச்சு வாயில தீத்தினனான்.”