பொழுது சாய்வதற்குள்

திண்டிவனம் மைதானத்தில் எழுபது வயது குசுமாவின் நடைக்கு, பக்கத்து வீட்டுக்குப் புதிதாய் வந்த பானுப்ரியாவால் ஈடுகொடுக்க முடியவில்லை.

“என்னா வேகம் ஆன்ட்டி! நூறு வயசு இருக்கணுமா?”

“பேசிக்கினே ஜல்தி நடம்மா. பையனுக்குச் சோறு ஊட்டணும். பொழுது சாஞ்சா எங்க ஜைனருங்க வீட்டுல சாப்பிட மாட்டோம்.”

“பேரனா? நான் பார்த்ததே இல்லியே. இருங்க, நானும் வர்றேன்.”

பானுப்ரியா வழியில் பிஸ்கட் வாங்கிக்கொண்டாள்.

கட்டிலில் நரைத்த தாடியோடு ஒருவர் படுத்திருந்தார். குசுமாவைப் பார்த்ததும் சிரித்தபடி வாயைத் திறந்தார்.

“என் பையன் சாந்தனு. பொறந்ததிலேர்ந்து இப்படித்தான்.”

சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டே குசுமா சொன்னாள்:

“நூறு வயசான்னு கேட்டியே, அவ்ளோ வேணாம்மா. இவன் போனதுக்கப்புறம் ஒரே ஒரு நாள் இருந்தா போதும்.”