தேவயானி தேர்ந்தெடுத்த துப்பாக்கி

துப்பாக்கி வாங்கப் போகிற புருஷனோடு பொண்டாட்டியும் கிளம்பினால் அதற்கு என்ன அர்த்தம்?

நெய்வேலியிலிருந்து கடலூர் போகிற வழியெல்லாம் விஜயராஜுக்கு இதே யோசனைதான்.

சுரங்கத்தில் மண் அள்ளும் லாரி கான்ட்ராக்ட் அவனுக்கு. போட்டிக்காரன் ஒருவன் ஆள் விட்டு மிரட்டியதில், அலையாய் அலைந்து கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கியிருந்தான். அதுவரை, “வூட்டுக்குள்ள அந்தச் சனியன் வேணாங்க” என்று அழுதுகொண்டிருந்த தேவயானி, லைசென்ஸ் வந்ததும் ஆளே மாறிப்போனாள்.

போன வாரம் வேலியோரம் நின்று, பக்கத்து குவார்ட்டர்ஸ் இன்னாசிமுத்துவோடு ரகசியம் பேசிக்கொண்டிருந்தாள். மிலிட்டரியில் இருந்துவிட்டு இப்போது பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற மனிதர் அவர்.

“அந்த ஆள்கிட்ட என்ன பேச்சு?”

“மொத மொதல்ல வாங்குறவங்களுக்கு எது சேஃப்னு கேட்டேங்க.”

“சுடப்போறவன் நானு. உனக்கென்னடி?”

இன்று காலை ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, தலை சீவிப் பூ வைத்துத் தயாராக நின்றாள். சுரங்கக் கம்பெனியில் பர்மனென்ட் வேலை அவளுக்குத்தான். குவார்ட்டர்ஸும் அவள் பெயரில்தான். அதுவும் சேர்ந்து அவனை உறுத்தியது.

கடலூரில் துப்பாக்கிக் கடைக்காரர் சிங்காரவேலு இரண்டை எடுத்து, உள்ளே குண்டு இல்லை என்று திறந்து காட்டிவிட்டு மேஜையில் வைத்தார்.

“இது பிஸ்டல். ட்ரிகர் பூ மாதிரி. ஆனா பழக்கம் இல்லாதவங்க உள்ள ஒரு குண்டு நிக்கிறத மறந்துடுவாங்க. இது ரிவால்வர். ஒவ்வொரு தடவையும் முழு பலத்தோட இழுத்தாத்தான் வெடிக்கும். கை தவறிப் பட்டா ஒண்ணும் ஆகாது. மொதல் துப்பாக்கின்னா நான் இதத்தான் சொல்லுவேன்.”

“பிஸ்டலே குடுங்க. எவனாவது வந்து நிக்கும்போது இதோட மல்லுக்கட்டிகினு இருக்க முடியாது” என்றான் விஜயராஜ்.

“நான் ஒருவாட்டி பாக்கட்டுங்களா?” தேவயானி கையை நீட்டினாள்.

“லைசென்ஸ் சார் பேருலம்மா. வூட்டுல நீங்க தொடவே கூடாது.”

“ஒரே வூட்டுல இருக்கிற பொருளு. என்னிக்காவது கை போகாதாங்க?”

விஜயராஜுக்குச் சுருக்கென்றது.

“சரி, சும்மா சுவத்தப் பாத்துப் பிடிங்க” என்றார் சிங்காரவேலு.

பிஸ்டலை எடுத்தாள். விரல் பட்டதும் ‘டிக்’. முகம் வெளுத்து, சட்டென்று கீழே வைத்துவிட்டாள். பிறகு ரிவால்வர். அதை வாங்கும்போது முந்தானை விலகியது.

“மணிக்கட்டுல என்னம்மா கட்டு?”

“பாத்ரூம்ல வழுக்கிடுச்சுங்க.”

விஜயராஜ் கண்ணாடி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஒரு விரலால் இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பாதி வழியில் நின்றுவிட்டது. இன்னொரு முறை. ஊஹும்.

அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி!

“இதையே எடுங்க. இந்த அண்ணனும் இதைத்தான சொல்றாரு?”

கடைக்காரர் முன்னால் வாக்குவாதம் வேண்டாமென்று விஜயராஜ் தலையாட்டினான். ஆனால் திரும்புகிற வழியெல்லாம் அவள் முகமே கண்ணில் நின்றது. எதற்கு இந்த நிம்மதி? எவனாவது அரிவாளோடு வரும்போது, ட்ரிகர் இழுக்க வராமல் நான் திணற வேண்டும் என்றா? போட்டிக்காரனோடு சேர்ந்துகொண்டாளா? இன்னாசிமுத்து அதற்குத் தரகா?

வடலூர் வள்ளலார் சபை முனையில் பஸ்கள் அடைத்துக்கொண்டன. காரை நிறுத்தினான்.

“உண்மையச் சொல்லுடி. என்னைச் சாகடிக்கத்தான திட்டம்?”

மடியிலிருந்த துப்பாக்கிப் பெட்டியைத் தேவயானி மெல்லத் தடவினாள்.

“நீங்க குடிச்சிட்டு வந்து அடிச்சிட்டுத் தூங்கிடுவீங்க. எனக்குத் தூக்கம் வராது. எத்தனையோ நாளு அருவாமணையத் தூக்கிகினு உங்க தலைமாட்டுல வந்து நின்னிருக்கேன். நிக்கிறதுக்குள்ள மனசு ஆறிடும், கொண்டுபோய் வச்சிடுவேன். துப்பாக்கி மனசு ஆறுறதுக்கு நேரம் குடுக்காதாம், இன்னாசிமுத்து அண்ணன் சொன்னாரு.”

பின்னால் பஸ் ஹாரன் அலறியது. விஜயராஜின் கை கியரில் அப்படியே இருந்தது.

“பயப்படாதீங்க. அதுக்குத்தான் என்னால இழுக்க முடியாததாப் பாத்து எடுத்திருக்கேன்.”