மூன்றாவது மொட்டு

ஹாலில், ஏசி காற்று நேராகப் படாத ஜன்னலோரத்தில் அந்தச் செம்பருத்தித் தொட்டி இருந்தது. இரண்டு முறை மொட்டு விட்டது; இரண்டு முறையும் விரியாமலே உதிர்ந்துவிட்டது. தொட்டியை நகர்த்தினால் மொட்டு நிற்காது என்று நர்சரியில் சொன்னதால், சேகரன் அதைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருந்தான். அவன் மனைவி வாசுகி அதை நம்பவில்லை.

"நீங்க விரலை நீட்டிக் காட்டினீங்க. பிஞ்சு, மொட்டு எதையும் அப்படிக் காட்டக் கூடாது. அதான் விழுந்துடுச்சு."

"யாரு சொன்னா?"

"எல்லாருக்கும் தெரியும்."

மூன்றாவது மொட்டை அவள்தான் முதலில் பார்த்தாள். ஆள்காட்டி விரலை மடக்கி, அதன் முட்டியால் அவனுக்குக் காட்டினாள். அவனும் தன் விரலை மடக்கிக்கொண்டான். காலையில் இலைகளுக்குத் தண்ணீர் தெளிக்கும்போது அந்தப் பக்கம் மூச்சுக்கூட விடாமல் இருந்தாள். விரல் நீட்டக் கூடாதென்று வேலைக்கு வரும் பெண்ணிடமும் சொல்லி வைத்தாள்.

மொட்டின் நுனியில் சிவப்பு தெரிந்த அன்று இருவரும் ஸ்கேன் சென்டருக்குப் போனார்கள். முன்பு இரண்டு தடவையும் அவள் படுத்து அழுத அதே கட்டில். வயிற்றில் தடவிய ஜெல் சில்லென்றிருந்தது. டாக்டரம்மா வெகுநேரம் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்குங்களா டாக்டர்?" என்று கேட்டான் சேகரன்.

"இதோ, இங்க பாருங்க" என்று அவர் மானிட்டரை நோக்கி விரலை நீட்டினார்.

வாசுகி மானிட்டரைப் பார்க்கவில்லை. படுத்தபடியே எக்கி, அந்த விரலைப் பிடித்து மெதுவாக மடக்கினாள்.