காலிக் குப்பியில் தங்கம்

"அண்ணே, வெறும் ஆத்து மண்ணுல மறுபடியும் தங்கம் காட்டுது! மோதிரத்தோட தொடாதீங்கன்னு எத்தனை தடவ கத்துறது?"

அணு உலையில் வைத்து நியூட்ரான் பட்டுவிட்டால், கண்ணுக்குத் தெரியாத துளித் தங்கமும் கதிர்வீசிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆய்வகத் தலைவிக்குத் தலை வெடித்தது.

"கழட்டி வீட்டுலயே வெச்சுட்டேம்மா. புள்ள மேல சத்தியம்," என்றார் உதவியாளர்.

"சத்தியத்த நீங்களே வெச்சுக்குங்க. நாளைலேருந்து உங்களுக்கு இங்க வேலை இல்ல."

"ஒப்பிட்டுப் பாக்க உலைல கூடவே வெச்ச காலிக் குப்பியையும் பாத்துடுங்கம்மா. அத நான் தொடவே இல்ல, நீங்கதான் மூடி வெச்சீங்க."

பார்த்தாள். மண்ணே இல்லாத குப்பியிலும் தங்கம்.

"நீங்க இருங்கண்ணே. தப்பு உங்க மேல இல்ல."

கணவன் விட்டுப்போன அன்றே தன் கல்யாண மோதிரத்தைக் கடலில் வீசிவிட்டதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். கோட்டுப் பைக்குள் அவள் விரல்கள் இப்போதும் அதைத்தான் உருட்டிக்கொண்டிருந்தன.